செஞ்சி மலையிலிருந்து கடல் வரை: ஒரே ஆற்றோரத்தில் 250 கோடி ஆண்டுகள்

(ஒலி வடிவில் வந்த எபிசோடின் எழுத்து வடிவம் இது. பேச்சில் வந்த திரும்பச் சொல்லல்களை நீக்கி, கொஞ்சம் திருத்தித் தந்திருக்கிறோம்.)



விழுப்புரம், திண்டிவனம் பக்கம் பஸ்ஸுல போனவங்க ஒரு காட்சியைத் தவறவிட்டிருக்க மாட்டீங்க. செஞ்சியை நெருங்க நெருங்க ரெண்டு பக்கமும் குன்றுகள். குன்றுன்னா மண் மூடின குன்று இல்ல. யாரோ கூடை கூடையா உருண்டைப் பாறையைக் கொண்டு வந்து கொட்டிட்டுப் போன மாதிரி இருக்கும். அந்தக் குன்றுகள்ல பிறக்கிற ஆறுதான் சங்கராபரணி. செஞ்சி ஆறு, வராக நதின்னும் பேரு உண்டு. வீடூர் அணையைத் தாண்டி, திருவக்கரை ஓரமா வந்து, வில்லியனூர் வழியா பாண்டிச்சேரிக்குத் தெற்கே கடல்ல கலக்குது. பெரிய ஆறுன்னு சொல்ல முடியாது. வருஷத்துல பாதி நாள் மணல்தான் ஓடும்.

ஆனா இந்தச் சின்ன ஆற்றோட கரையிலயே கீழ நடந்து போனீங்கன்னா, பூமியோட வரலாற்றுல மூணு வெவ்வேறு காலத்தைக் கடந்து போறீங்க. முதல்ல 250 கோடி வருஷப் பாறை, அப்புறம் ஒரு பழைய கடல், அந்தக் கடல் விலகின பிறகு ஒரு காடு. உலகத்துல பல இடத்துல இதைப் பார்க்க ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் அலையணும். இங்க ஒரு நாள் பைக் பயணம் போதும்.

முதல்ல செஞ்சி. ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரின்னு கோட்டைக்காக நாம பார்க்கிற அந்தக் குன்றுகள் கிரானைட். சுமார் 250 கோடி வருஷத்துக்கு முன்னாடி நிலத்துக்கு அடியில ஆழத்துல உருகிக் கிடந்த குழம்பு மெதுவா ஆறி இறுகின கல். மேல இருந்த பாறையெல்லாம் கோடிக்கணக்கான வருஷமா தேய்ஞ்சு போனதால அது இப்ப வெளிச்சத்துக்கு வந்திருக்கு. கல்லுல விழுந்த விரிசல் வழியா தண்ணி இறங்கி, மூலையையெல்லாம் அரிச்சு அரிச்சு உருண்டையாக்கிடுச்சு. மண் கரைஞ்சு போச்சு, உருண்டை நின்னுடுச்சு. யாரும் கொட்டல.

திண்டிவனம் சுத்துவட்டாரத்துல ஜல்லிக்கு உடைக்கிற கருங்கல் இருக்கே, அதுவும் அதே மாதிரி பழசுதான். அதுல நிறைய இடத்துல இருக்கிறது சார்னோகைட். இந்தப் பேருக்கு ஒரு கதை உண்டு. கல்கத்தாவுல கிழக்கிந்தியக் கம்பெனியோட ஜாப் சார்னாக் கல்லறை இருக்கு. அந்தக் கல்லறைக் கல்லைப் பார்த்த தாமஸ் ஹாலண்ட் என்கிற புவியியலாளர், இது நம்ம பல்லாவரம் பக்கத்துக் கல்லாச்சேன்னு கண்டுபிடிச்சு, 1893-ல் அந்தப் பாறை வகைக்கே சார்னோகைட்னு பேர் வைத்தார். இன்னைக்கு அண்டார்டிகாவுல அதே வகைக் கல்லைப் பார்த்தாலும் உலகம் முழுக்க அதே பேருதான். செத்துப்போன ஒரு கம்பெனி அதிகாரியோட பேரை நம்ம ஊர்க் கல் சுமந்துக்கிட்டு இருக்கு. பல்லாவரைட்னு வைச்சிருக்கலாம், எனக்கு அதுல கொஞ்சம் வருத்தம் உண்டு.

செஞ்சிக் கல் இறுகின அந்தக் காலத்துல பூமியில உயிர் இருந்தது. ஆனா கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர் மட்டும்தான். காத்துல ஆக்சிஜன் கிட்டத்தட்ட கிடையாது. மரம் இல்ல, மீன் இல்ல, புழு கூட இல்ல. கிரானைட் உருகி வந்த கல்லுங்கிறதால அதுக்குள்ள எந்தத் தடமும் தேட முடியாது. அதுக்கப்புறம் நம்ம புத்தகத்துல பெரிய ஒரு பகுதி கிழிஞ்சு போயிருக்கு. 200 கோடி வருஷத்துக்கும் மேல இந்த வட்டாரத்துல படிவு ஏதும் மிச்சமில்ல. மீன் தோன்றினதும், செடி கரையேறினதும், டைனோசர் வந்ததும் அந்தக் கிழிஞ்ச பக்கங்கள்ல போயிடுச்சு.

புத்தகம் திரும்பத் திறக்கிற இடம் வானூர் வட்டம்.

சுமார் 13 கோடி வருஷத்துக்கு முன்னாடி இந்தியா அண்டார்டிகாவிலிருந்து பிரிய ஆரம்பிச்சது. பிரிஞ்ச விளிம்புதான் நம்ம கிழக்குக் கடற்கரை. விளிம்பு தாழ்ந்தது, கடல் உள்ள வந்தது. இன்னைக்கு வானூர், ஒட்டை, வழுதாவூர்னு நாம சொல்ற கிராமங்கள் அந்தக் கடலுக்கு அடியில கிடந்த இடம். அந்தக் கிராமத்துப் பேருங்களே இன்னைக்குப் பாறை அடுக்குகளோட பேரு. வானூர் மணற்கல், ஒட்டை களிமண்கல், வழுதாவூர் படிவம்னு ஆராய்ச்சிக் கட்டுரைகள்ல எழுதுறாங்க. வழுதாவூர்ல இருக்கிற எத்தனை பேருக்கு இது தெரியும்னு எனக்குச் சந்தேகம்தான்.

1840-களின் தொடக்கத்தில், சென்னை மாகாண நிர்வாகத்துல வேலை பார்த்த கேய், கன்லிஃப் என்ற ரெண்டு பேர் பாண்டிச்சேரி, விருத்தாசலம், திருச்சி வட்டாரங்கள்ல கல்லான சிப்பிகளைச் சேகரித்தார்கள். ரெண்டு பேருமே தொழில்முறைப் புவியியலாளர்கள் இல்ல. சேகரிச்சதை லண்டனுக்கு அனுப்பினார்கள். அங்க எட்வர்ட் ஃபோர்ப்ஸ் என்கிற இயற்கையியலாளர் பெட்டியைத் திறந்து பார்த்து அசந்துட்டார். ஆட்டுக்கொம்பு மாதிரி சுருண்ட ஓடுகள், நிறைய. அம்மோனைட். கணவாய், ஆக்டோபஸ் வகையோட தூரத்துச் சொந்தம். உள்ள அறை அறையா தடுத்த ஓட்டுக்குள்ள உட்கார்ந்துக்கிட்டு கடல்ல மிதந்த உயிர்.

ஃபோர்ப்ஸ் 1846-ல் இதையெல்லாம் விவரித்து வெளியிட்டார். புது வகைகளுக்குப் பேர் வைக்கணுமே. என்ன வைச்சார் தெரியுமா? இந்திரா, வருணா, சூர்யா, துர்கா, பிரம்மா. நம்ம சாமிப் பேரையெல்லாம் வரிசையா எடுத்துக்கிட்டார். கல்லெடுத்துக் கொடுத்த கேய் பேரையும் ஒண்ணுக்கு வைச்சார். இந்த இடத்துல ஒரு பொருத்தம் இருக்கு. நம்ம வீட்டுப் பூஜையில இருக்கிற சாளக்கிராமம், இமயத்துல கண்டகி ஆற்றுப் பக்கத்துலேருந்து வர்றது, அதுவும் அம்மோனைட் பதிஞ்ச கல்தான். ஃபோர்ப்ஸ் இதை நினைச்சு வைச்சாரான்னு கேட்காதீங்க. ஆனா நாம அம்மோனைட்டை சாமியா கும்பிட்டது அவருக்கு ரொம்ப முன்னாடி.

அந்தப் பேருங்க அப்புறம் உலகம் சுத்தின. பாண்டிச்சேரிப் பக்கத்துக் கல்லை வைத்துப் பேரிடப்பட்ட இந்திரா, ஜப்பானில் கிடைத்தது, மடகாஸ்கரில் கிடைத்தது, கனடாவின் மேற்குக் கரையில் கிடைத்தது. வருணா அண்டார்டிகாவின் சீமோர் தீவில் கிடைத்தது. சங்கராபரணிக்கும் அண்டார்டிகாவுக்கும் நடுவுல அப்ப ஒரே கடல் வழி இருந்தது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேணுமா?

ஃபோர்ப்ஸ் ஒரு விஷயத்துல தவறினார். அதையும் சொல்லணும். பாண்டிச்சேரிப் படிவுதான் மூணுலயும் பழசு, கிரெட்டேசியக் காலத்தோட ஆரம்பத்துல உண்டானதுன்னு எழுதினார். அதே சமயத்துல பிரான்சில் ஆல்சிட் தோர்பிஞி, இல்ல, இது அந்தக் காலத்தோட பிற்பகுதி என்றார். லண்டன் ஒரு பக்கம், பாரிஸ் ஒரு பக்கம். ரெண்டு பேரும் வானூரைப் பார்த்ததே இல்ல! கல்லு மட்டும்தான் கப்பல்ல போச்சு.

இதைத் தீர்க்க யாராவது நேர்ல நடந்து, எந்த அடுக்கு மேல, எந்த அடுக்கு கீழன்னு பார்க்கணும். அந்த வேலையைச் செய்தவர் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் ஹென்றி பிளான்ஃபோர்ட். தென்னார்க்காடு, திருச்சி மாவட்டங்களை அளந்து 1862-ல் அறிக்கை வெளியிட்டார். இதே பிளான்ஃபோர்ட்தான் பின்னாடி இந்திய வானிலைத் துறையோட முதல் தலைவர். அவர் சேகரிச்ச புதைபடிவங்களைக் கல்கத்தாவில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக விவரித்தவர் ஃபெர்டினாண்ட் ஸ்டோலிச்கா. இன்றைய செக் நாட்டுப் பகுதியில் பிறந்தவர். நாலு பெரிய தொகுதி எழுதினார். 1874-ல் மத்திய ஆசியப் பயணத்திலிருந்து திரும்பும்போது லடாக்கில் மலை உயரம் தாங்காமல் இறந்துபோனார். வயசு 36. லேயில் அவர் கல்லறை இருக்கு. கடைசியா 1890-களில் வியன்னாவில் ஃபிரான்ஸ் காஸ்மட் புதுச் சேகரிப்புகளை வைத்து ஆராய்ந்தபோது, பிரெஞ்சுக்காரர் சொன்னதே சரி என்று ஆனது. வழுதாவூர்க் கடல், கிரெட்டேசியக் காலத்தோட கடைசிக் கட்டம். சுமார் 7 கோடி வருஷம்.

கடைசிக் கட்டம்னு சொன்னேன் இல்லையா. அதுக்கு மேல இருக்கிற அடுக்குக்குப் போனா அம்மோனைட் கிடையாது. ஒண்ணு கூட. 6.6 கோடி வருஷத்துக்கு முன்னாடி மெக்சிகோ பக்கம் விழுந்த விண்கல்லோட தொடர்புடைய அந்தப் பேரழிவு, டைனோசரைத் துடைச்ச அதே சம்பவம், அம்மோனைட்டையும் துடைச்சிடுச்சு. பாண்டிச்சேரிக்கும் வானூருக்கும் நடுவுல கரசூர் பக்கம் இருக்கிற சுண்ணாம்புக்கல் அந்த அழிவுக்கு அப்புறம் படிஞ்சது. முப்பது கோடி வருஷத்துக்கு மேல கடலை ஆண்ட ஒரு கூட்டம், இந்திரன் வருணன் எல்லாரோடயும், ஒரு அடுக்குக்கும் அடுத்த அடுக்குக்கும் நடுவுல காணாமப் போயிருக்கு. அதோட கிட்டத்துச் சொந்தம் மாதிரி இருந்த நாட்டிலஸ் மட்டும் எப்படியோ பிழைச்சு, இன்னைக்கும் பசிபிக் ஆழத்துல இருக்கு.

இனி காட்டுக்கு வருவோம். நான் இந்த எபிசோட் பண்ணினதே இதுக்காகத்தான்.

திருவக்கரை. சம்பந்தர் பாடின தலம். சந்திரமௌலீசுவரர் கோயில்ல மூணு முகத்தோட லிங்கம் இருக்கும். வக்கிரகாளி சந்நிதிக்குப் பௌர்ணமிக்குப் பெரிய கூட்டம் வரும். வர்றவங்கள்ல பாதிப் பேரு பக்கத்துல இருக்கிற கல்மரப் பூங்காவை எட்டிப் பார்க்கிறதில்ல. 247 ஏக்கர், ஒன்பது அடைப்பு. செம்மண்ணுல அங்கங்க மரம் வெட்டிப் போட்ட மாதிரி கிடக்கும். கிட்டப் போய் தட்டினா கணீர்னு கல்லு. சுமார் 200 மரங்கள், 3 மீட்டர்லேருந்து 15 மீட்டர் வரை நீளம். வயசு சுமார் 2 கோடி வருஷம்.

ஊர்ல ஒரு கதை உண்டு. இதெல்லாம் வக்கிராசுரனோட எலும்பு. விஷ்ணு அவனைக் கொன்னப்ப சிதறினது. இதைக் கேட்டு சிரிக்கிறவங்களைப் பார்த்திருக்கேன். நான் சிரிக்க மாட்டேன். யோசிச்சுப் பாருங்க. வெட்டவெளியில இவ்வளவு பெருசா உருண்டையா கல்லு கிடக்குது. இது சாதாரணக் கல்லு இல்ல, ஒரு காலத்துல உயிரோட இருந்ததுன்னு அந்தக் கதையைச் சொன்னவர் கண்டுபிடிச்சிட்டாரே. எந்த உயிருங்கிறதுலதான் மாறிப்போச்சு.

எழுத்தில் முதலில் பதிவு செய்தவர் பியர் சொன்னரா என்ற பிரெஞ்சு இயற்கையியலாளர், 1781-ல். நம்ம காட்டுல இருக்கிற சாம்பல் காட்டுக்கோழியோட அறிவியல் பேருல இருக்கிறது இவர் பேருதான். மரம்னு எல்லாருக்கும் தெரிஞ்சது. என்ன மரம்? அதுக்கு விடை கிடைக்க இன்னும் நூற்றைம்பது வருஷத்துக்கு மேல ஆச்சு.

ஏன்னா இலை இல்ல, பூ இல்ல, காய் இல்ல. பட்டை கூட இல்ல. கிளையும் வேரும் பெரும்பாலும் உடைஞ்சு போயிருக்கு. எல்லாம் படுத்த வாக்குல கிடக்கு. இதிலிருந்தே ஒரு விஷயம் புரியும். இந்த மரங்க இங்க நின்னு வளர்ந்து அப்படியே கல்லாகல. மேற்கே எங்கேயோ வளர்ந்து, வெள்ளத்துல அடிச்சுக்கிட்டு உருண்டு வந்து, ஆற்று மணல்ல புதைஞ்சது. சீக்கிரமா புதைஞ்சதால காத்து படல, மக்கல. மணல் வழியா இறங்கின தண்ணியில கரைஞ்சிருந்த சிலிகா, மரத்தோட ஒவ்வொரு நுண்ணறைக்குள்ளயும் போய் உட்கார்ந்து, கொஞ்சம் கொஞ்சமா மரத்தோட இடத்தை எடுத்துக்கிச்சு. நுண்ணறையோட வடிவம் மட்டும் அச்சு மாதிரி அப்படியே நின்னுடுச்சு. இதே வட்டாரத்துல தெற்கே நெய்வேலியில, பழங்காலத் தாவரங்க சதுப்புல அமுங்கி நிலக்கரியாச்சு. அது எரியுது, இது எரியாது. எங்க விழுந்தோம்ங்கிறதுதான் வித்தியாசம்.

அந்த நுண்ணறை அச்சை வைத்துத்தான் கண்டுபிடிச்சாங்க. எப்படின்னா, கல்லை மூணு விதமா வெட்டணும். குறுக்கால ஒண்ணு, நடுத்தண்டு வழியா நெடுக்கால ஒண்ணு, ஓரத்துல வளையத்தைத் தொட்ட மாதிரி நெடுக்கால ஒண்ணு. ஒவ்வொரு துண்டையும் கண்ணாடியில ஒட்டி, வெளிச்சம் ஊடுருவுற வரைக்கும் தேய்க்கணும். சுமார் 0.03 மில்லிமீட்டர், தலைமுடியை விட மெலிசு. ஒரு நொடி கூடத் தேய்ச்சா கண்ணாடிதான் மிஞ்சும். அப்புறம் நுண்ணோக்கியில வைச்சா, 2 கோடி வருஷத்துக்கு முன்னாடி அந்த மரம் தண்ணி ஏத்தின குழாய்கள் தெரியும். குழாய் தனியா நிக்குதா, ரெண்டு மூணா சேர்ந்து நிக்குதா, பிசின் ஓடுற கால்வாய் இருக்கா, அது வரிசையா இருக்கா, சிதறியிருக்கா. இதை இன்னைக்கு உயிரோட இருக்கிற மரங்களோட ஒப்பிடணும்.

இப்படி ஒரு ஊசியிலை இன மரத்தை மறு ஆய்வு செய்து வகைப்படுத்தியவர் பீர்பல் சாஹ்னி, 1931-ல். அதுல தண்ணிக் குழாயே கிடையாது, எல்லாம் ஒரே மாதிரி நுண்ணறை. பைன் மரத்தோட தூரத்து உறவு. 1950-களில் சி.ஜி.கே. ராமானுஜம் என்ற தாவரவியலாளர் தென்னார்க்காட்டுக் கல்மரங்களை ஒவ்வொன்றாக அறுத்துப் பார்த்தார். பிசின் கால்வாயை வைத்துக் குங்கிலிய மரக் குடும்பத்தை அடையாளம் கண்டார். மருத மரக் குடும்பமும் வந்தது. அதுக்கப்புறம் லக்னோவில் இருக்கும் பீர்பல் சாஹ்னி நிறுவனத்துக்காரர்கள் பட்டியலை நீட்டிக்கொண்டே போனார்கள்.

இதுல குங்கிலியக் குடும்பம் முக்கியம். குறிப்பா டிப்டெரோகார்பஸ் வகை. இன்னைக்கு இந்த மரங்களைப் பார்க்கணும்னா மேற்குத் தொடர்ச்சி மலையோட மழைக்காட்டுக்குப் போகணும், இல்லன்னா பர்மா, மலேசியா, போர்னியோவுக்குப் போகணும். வருஷம் பூரா ஈரம் வேணும் அதுங்களுக்கு. அப்ப வேர்க்கடலையும் சவுக்கும் போடுற இந்த வறண்ட செம்மண் பூமிக்கு மேற்கே, 2 கோடி வருஷத்துக்கு முன்னாடி, போர்னியோ மாதிரி ஒரு காடு நின்னுக்கிட்டு இருந்திருக்கு. இந்தியா அதுக்குள்ள ஆசியாவோட மோதியாச்சு. இமயம் உயர்ந்துக்கிட்டு இருந்தது. மழையோட போக்கு மாறிக்கிட்டு இருந்தது. காடு ஈரம் இருக்கிற மேற்கு மலைப் பக்கம் ஒதுங்கிடுச்சு. அது இங்க இருந்ததுக்கு மிச்சம் இந்தக் கல்லுதான்.

வேலிக்குள்ள இருக்கிறது பாதுகாப்பா இருக்கு. தேசியப் புவியியல் நினைவுச்சின்னம், புவியியல் ஆய்வுத் துறை பார்த்துக்கிறாங்க. ஆனா கல்மரம் வேலியைப் பார்த்துப் புதையல. கடலூர் மணற்கல்னு சொல்ற அந்தச் செம்மண் அடுக்கு வானூர் வட்டம் முழுக்க விரிஞ்சிருக்கு. அதே செம்மண்ணைத்தான் ரோடு போட, மனை நிரப்ப லாரி லாரியா வெட்டுறாங்க. பக்கத்துலயே கருங்கல் குவாரி. மண்ணோட வர்ற கல்மரத் துண்டு என்ன ஆகுது? யாரு கணக்கு வைக்கிறா? இந்த மாதிரி புவியியல் இடங்களுக்குன்னே தனிச் சட்டம் வேணும்னு ஒன்றிய அரசு 2022 டிசம்பரில் ஒரு வரைவு மசோதா வெளியிட்டது. அதுல எல்லா அதிகாரமும் ஒரே துறைக்குப் போகுதுன்னு ஆராய்ச்சியாளர்கள் சிலர் எதிர்த்தாங்க. அந்த விவாதத்துக்குள்ள இப்ப போகல.

குவாரிக்காரரைச் சொல்ற முன்னாடி என்னைச் சொல்லிக்கணும். ஏழாவது படிக்கிறப்ப பள்ளிச் சுற்றுலாவுல திருவக்கரை போனோம். உள்ளங்கை அளவு ஒரு துண்டை கால்சட்டைப் பையில போட்டுக்கிட்டு வந்துட்டேன். ஒரு பக்கம் பழுப்பு, ஒரு பக்கம் வெள்ளை, ஓரத்துல நார் நாரா கோடு. முப்பது வருஷத்துக்கு மேல என் மேஜை டிராயர்லதான் இருந்தது. வீடு மாறினப்பல்லாம் கூடவே வந்தது. வர்றவங்ககிட்ட பெருமையா காட்டுவேன்.

இந்த எபிசோடுக்காகப் படிக்கும்போதுதான் ஒண்ணு உறைச்சது. லண்டனும் பாரிசும் ஏன் சண்டை போட்டாங்க? கல்லு இருந்தது, கல்லு எந்த அடுக்குல எந்த இடத்துல கிடந்ததுங்கிறது இல்ல. என் டிராயர்ல இருக்கிறதும் அதே நிலைமை. அறுத்துப் பார்த்தா என்ன மரம்னு சொல்லிடலாம். எங்க கிடந்தது, கூட என்ன கிடந்தது, யாராலயும் சொல்ல முடியாது, என்னையும் சேர்த்து.

போன மாசம் எடுத்துக்கிட்டுப் போனேன். மயிலம் வழியா. காவலுக்கு இருந்தவர் வயசானவர். விஷயத்தைச் சொல்லி துண்டை நீட்டினேன். திட்டுவாருன்னு நினைச்சேன். வாங்கித் திருப்பிப் பார்த்துட்டு, "எந்த இடத்துல சார் எடுத்தீங்க?"ன்னு கேட்டார்.

"ஞாபகம் இல்லீங்க. வேலிக்கு உள்ளயா வெளியவான்னு கூடத் தெரியல."

அவர் கொஞ்ச நேரம் கையில வைச்சுக்கிட்டே நின்னார். அப்புறம் வாசலுக்குப் பக்கத்துல, உடைஞ்ச சில்லுகளைக் குவிச்சு வைச்சிருந்த இடத்தைக் காட்டி, "அப்படின்னா இதோட வைங்க"ன்னார். வைச்சேன். ரெண்டு அடி தள்ளிப்போய்த் திரும்பிப் பார்த்தப்ப அந்தக் குவியல்ல என்னோடது எதுன்னு எனக்கே தெரியல.